கழுத்துக்குக் கட்டிய மாலை

லண்டன் சட்டனில் எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் கறுப்பின வரலாற்று மாதத்துக்கு அங்கே ஒரு சனிக்கிழமை கொண்டாட்டம். சில வருடங்களுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை மட்டும் எனக்குள் இன்னும் முடியவில்லை. உயர ஜன்னலால் மஞ்சள் வெயில் விழுந்துகொண்டே இருக்கிறது. யாரோ டிரம் தட்டுகிறார்கள். வாழைப்பழம் பொரிகிற வாசம் வருகிறது.

அன்று சுவரோரம் இந்த ஊருக்கு உழைத்த கறுப்பினத்தவரின் படங்களை வைத்திருந்தார்கள். நடுவில் என் பக்கத்து வீட்டு அம்மா, மிட்வைஃப் சீருடையில். ஜமேக்காவிலிருந்து இளவயதில் வந்தவர். ஆங்கிலம் தெரியாமல் பயந்து கிடந்த என் கையைத் தன் ஷிப்ட் முடிந்த பிறகும் விடாமல் பிடித்திருந்து, என் மகளை இந்த உலகத்துக்கு எடுத்துத் தந்தவர்.

அடுத்த திங்கட்கிழமை அவருக்கு இருதய ஒப்பரேஷன். பிழைப்பாரா என்ற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. நவராத்திரிக்குப் பூ வாங்கும்போது அவருக்கென்றும் செவ்வந்தி வாங்கி மாலை கட்டியிருந்தேன். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு வடை சூடாக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மாலை படத்தில் தொங்குகிறது. முன்னால் யாரோ மெழுகுவர்த்தி வேறு ஏற்றிவிட்டார்கள்.

“இஞ்சேரும், உயிரோடை இருக்கிற மனிசியெல்லோ! கெதியாக் கழட்டும்” என்றார் என் கணவர்.

பாய்ந்துபோய்க் கழற்றினேன். அந்த அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றார்.

“இது உனக்கில்லை என்று இந்த நாட்டில் எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீயுமா?” என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். “எங்கள் ஆட்கள் செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள். நீங்கள் சாகக்கூடாது.”

அவர் படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். “அப்படியென்றால் இங்கே போடு” என்று கழுத்தைக் காட்டினார். நெடிய மனுஷி. குனிந்தபோதும் நான் நுனிக்காலில் எக்க வேண்டியிருந்தது. அந்த மாலையோடு பின்னேரம் முழுக்க ஆடினார். தரையெல்லாம் செவ்வந்தி இதழ்.

திங்கள் போனது, அவர் வீட்டுக்கு வந்தார். அதன்பின் ஒவ்வொரு ஒக்டோபரும் கட்டுகிறேன். இந்த வருடமும் பொல்லை ஊன்றியபடி வந்து கழுத்தை நீட்டினார். இந்த முறை அவர் குனியவும் தேவைப்படவில்லை, நான் எக்கவும் தேவைப்படவில்லை. மாலையைப் போட்ட பிறகும் அவர் தோளிலிருந்து கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.