இடது காலில் ஒரு மேனேஜர்

சலவைக்கூடத்தில் அவனுக்குப் பெயர் சீச்சீ. எதைக் கண்டாலும் மூக்கைச் சுருக்கி "ச்சீ" என்று ஒரு வார்த்தை விடுவான், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வேலையோ பெரிய மருத்துவமனையின் அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுவது. ரத்தம், சீழ், வாந்தி, அதற்கு மேலும் சொல்ல வேண்டாம், எல்லாம் அவன் கையில்தான் வந்து விழும். அதற்கு ஒருநாளும் அவன் முகம் சுளித்ததில்லை. "நோவுல கெடக்கறவன் என்ன பண்ணுவான், பாவம்" என்று மூட்டையை அவிழ்ப்பான். அவனுக்குக் குமட்டுவதெல்லாம் ஆரோக்கியமானவர்கள் செய்யும் அசிங்கம். கோட்டுப் பையில் ஊசியை மறந்துவிட்டு அனுப்பும் டாக்டர், திரைச்சீலையில் கை துடைத்துவிட்டுப் போகும் பார்வையாளர், துவைத்து அடுக்கிய போர்வைமேல் டீக் கப்பை வைக்கும் சூப்பர்வைசர். இவர்களுக்குத்தான் அந்த "ச்சீ".

அவனுக்கு நிரந்தரமாக இரவு ஷிஃப்ட். மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிற வேலை, அது பகலில். இவன் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கை மாறும். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பாள், "ம்" என்பான். அன்றைய பேச்சு அத்துடன் சரி. ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே, "நாம புருஷன் பொண்டாட்டியா, இல்ல ஒரே கேட்டுக்கு ரெண்டு வாட்ச்மேனா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் அது அவனுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

ஓடும் பழக்கம் அந்த வேலையால் வந்தது. இரவெல்லாம் ப்ளீச்சிங் நெடியிலும் நீராவியிலும் வெந்தவனுக்குப் படுத்தால் தூக்கம் வராது. பஸ்ஸை விட்டுவிட்டு வீடுவரை ஓடிப் பார்த்தான். கட்டையைப் போட்டதுபோல் தூங்கினான். பிறகு விடவில்லை. வருஷம் ஒருமுறை நகரத்து மாரத்தானில் அரைத் தூரமும் ஓடுவான். பரிசு வாங்கும் வேகமில்லை. கேவலமான வேகமும் இல்லை.

அந்த மாரத்தானையும் அவனுக்குப் பிடிக்காது. ஓடப் பிடிக்கும், ஓட வருகிறவர்களைப் பிடிக்காது. கறுப்புக் கண்ணாடியும், இடுப்பில் நாலு பாட்டிலும், கையில் செல்போனுமாக வந்து நிற்பார்கள். ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு நடுச்சாலையில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வருகிறவன் முட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் திட்டு.

இந்த வருஷம் போட்டிக்கு முந்தைய வாரம் சலவைக்கூடத்து மேனேஜர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறுபது வயது முடிந்தும் நீட்டிப்பு வாங்கிக்கொண்டு நாற்காலியில் பசைபோல் ஒட்டியிருப்பவர். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அவர் மாடிக்கே வரமாட்டார். முதலுதவிக் கூடாரம் போடுவது மருத்துவமனை என்பதால், மேலதிகாரிகளும் ஓடவேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கூட்டத்தில் இவர்தான் முதல் ஆளாகக் கை தூக்கியிருக்கிறார்.

மேஜைமேல் ஒரு வார் கிடந்தது. கணுக்காலில் கட்டுகிற வார், அதில் பொத்தான் அளவுக்கு ஒரு சிப். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் தரையில் விரித்திருக்கும் பாயை மிதித்தால் அது 'பீப்' என்று கத்தி, வந்தது இன்னார் என்று கணினிக்குச் சொல்லிவிடும். ஓடுவது கால்தான் என்றாலும் பெயர் போவது சிப்புக்கு.

"நீ எப்படியும் ஓடத்தானப்பா போற. இதையும் ஒரு கால்ல கட்டிக்க. என்ன பெரிய கனமா?"

"சார், அது தப்பு சார். ஒரு ஆளு ரெண்டு சிப் கட்டக் கூடாது."

"யாரு பாக்கப் போறா? நான் ஜெயிக்கவா கேட்டேன்? முடிச்சவங்க வரிசையில என் பேரு வந்தாப் போதும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பகல் ஷிஃப்ட் கேட்டுட்டே இருந்தியே. அடுத்த மாசம் ஒரு இடம் காலியாகுது."

"ச்சீ" நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எச்சிலோடு விழுங்கிவிட்டு வாரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை சாவியை வாங்கும்போது மனைவியிடம் பகல் ஷிஃப்டைப் பற்றி மட்டும் சொன்னான். சிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நெஜமாவா?" என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், "நெஜமாவாங்க?" என்றாள். அன்று அவள் வேலைக்குத் தாமதமாகப் போனாள். இனி அந்த வாரை எங்கே திருப்பிக் கொடுப்பது?

போட்டியன்று விடியும்போதே மைதானம் நாறத் தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஏழெட்டு பிளாஸ்டிக் கழிப்பறை. வரிசை பாம்பாக வளைந்து நின்றது. அவன் முறை வந்து கதவைத் திறந்தபோது, பத்து வருஷமாக மூட்டை அவிழ்த்தவனுக்கே மூச்சு முட்டியது. மேல்நாட்டுச் சென்ட் பூசிக்கொண்டு வெளியே போனவர்தான் அதை அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காரியத்தை முடித்து வெளியே வந்தால், துப்பாக்கி சுட்டுக் கூட்டம் எப்போதோ போய்விட்டிருந்தது. வலது காலில் தன் சிப், இடது காலில் மேனேஜர் சிப். இரண்டையும் காலுறைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு கடைசி ஆட்களோடு பாயை மிதித்தான். இரண்டு 'பீப்' கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதையோ பாதை! முன்னால் ஓடியவர் ஒரு மூக்கை விரலால் அடைத்து மறு மூக்கைக் காற்றில் சிந்தினார். இவன் விலகித் தப்பித்தான். தண்ணீர்ப் பந்தலைத் தாண்டினால் மிதிபட்ட கப்புகள், பழத்தோல், ஓடும்போது தெம்புக்காகப் பாதி உறிஞ்சிவிட்டு எறிந்த சத்துப்பசைப் பொட்டலங்கள். காலணி அடியில் பிசுபிசுவென்று ஒட்டியது. வாளியில் நனைத்து வைத்திருந்த பஞ்சை ஒருவன் எடுத்து அக்குளைத் துடைத்துவிட்டுத் திரும்ப அதே வாளியில் போட்டான். அந்த வாளிக்கு மேலே 'நம் நகரம், நம் தூய்மை' என்று ஒரு துணி தொங்கியது. அவன் ஓட்டத்துக்குத் தாளம்போல் "ச்சீ, ச்சீ" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

பாதித் தூரத்தில் கண்டக்டரைப் பிடித்தான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாரக் கடைசியில் பூங்காவில் சேர்ந்து ஓடுகிற ஆள். இந்தக் கூட்டத்தில் சீச்சீ மூக்கைச் சுருக்காத ஒரே மனிதர். குடித்த கப்பைத் தொட்டி வரும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு ஓடுவார். ஆயுசு முழுக்க ஓடுகிற வண்டியில் நின்றே வந்தவருக்கு, தான் ஓடவேண்டும் என்று ஒரு வெறி. ஓரிடத்தில் நின்று தண்ணீர் குடித்தால், கிளம்பும்போது தொடையில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட், ரைட்" என்பார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. பழக்கம் விடவில்லை.

"வா தம்பி. என்ன இவ்வளவு லேட்டு?"

"கக்கூஸ் வரிசைண்ணே. அத நெனைக்க வெக்காதீங்க."

அவர் சிரித்துக்கொண்டு, கழுத்தில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து நீட்டினார். "தொடச்சுக்க. சுத்தமான துண்டுதான், நீயும் மூக்கைச் சுருக்க மாட்ட." சீச்சீ முகத்தைத் துடைத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டான். வேறொருவர் துண்டை அவன் அப்படிப் போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"போன வருசம் அறுபதுக்கு மேல உள்ளவங்கள்ல நான் நாலாவது" என்றார் கண்டக்டர், மூச்சுக்கு நடுவே. "மேடை மூணு பேருக்குத்தான், ஒரே ஒரு ஆளால போயிடுச்சு. இந்த வருசம் ஆரம்பத்துலேர்ந்து நரைச்ச தலையா எண்ணிட்டே வரேன். முன்னாடி ரெண்டே பேரு. ஒருத்தரு முட்டில பட்டை போட்டவரு, இன்னொருத்தரு வெறுங்காலு. பஸ்ஸுல தலை எண்ணிப் பழகின கண்ணு, தப்பாது. மேடையில ஒரு தடவ ஏறிட்டேன்னா போதும் தம்பி. என் மவன், 'எதுக்குப்பா இந்த வயசுல கோமாளித்தனம்'ங்கறான். அவன் வந்து நிக்கறான் இன்னிக்கு."

சீச்சீயின் இடது கால் அப்போதுதான் கனத்தது. மேனேஜருக்கும் அறுபதுக்கு மேல். கண்டக்டர் எண்ணாத மூன்றாவது நரைத்த தலை அவருக்கு ஒரு முழம் தள்ளி, காலுறைக்குள் ஒளிந்துகொண்டு ஓடிவந்துகொண்டிருந்தது.

அவிழ்த்துச் சாக்கடையில் எறிந்துவிடலாம். வார் கையோடு வந்துவிடும். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவளின் முகம் கண்முன் வந்து நின்றது. சிறிது தூரம் அப்படியே ஓடினான். பிறகு ஒரு வழி தோன்றியது. தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான். கண்டக்டரை முந்தக் கூடாது, அவ்வளவுதானே? அவர் முதலில் கோட்டைத் தாண்டட்டும். மேனேஜர் நாலாவதாக வந்து தொலையட்டும். ஷிஃப்டும் கிடைக்கும், பாவமும் ஒட்டாது.

முடிவுக் கோட்டின் அலங்கார வளைவு தெரிந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சுக்கிச்சுண்ணே, நீங்க போங்க" என்றான். கண்டக்டர் தயங்கி நின்றார். "போங்கண்ணே!" என்று கத்தினான். அவர் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு போனார். அவர் பாயைத் தாண்டிக் கையைத் தூக்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இவன் நொண்டுகிற பாவனையில் போய்ச் சேர்ந்தான்.

கழிப்பறைகளுக்குப் பின்னால் மேனேஜர் காத்திருந்தார். நெஞ்சில் நம்பர், மடிப்புக் கலையாத பனியன், தலையிலும் முகத்திலும் பாட்டில் தண்ணீர். சீச்சீ வாரை அவிழ்த்து நீட்டினான். வியர்வையும் சேறும் சத்துப்பசையும் சொட்டிய அதை அவர் காகிதக் கைக்குட்டையால் இரண்டு விரலில் பிடித்து, "ச்சீ! என்னய்யா இப்படி நாறுது?" என்றார். பிறகு குனிய முடியாமல் குனிந்து, அதையே தன் காலில் கட்டிக்கொண்டு, மெடல் வாங்குகிற இடத்துக்கு நொண்டியபடி போனார். நொண்டவும் தெரிந்து வைத்திருந்தார்.

மேடையில் பரிசு அறிவித்தார்கள். அறுபதுக்கு மேற்பட்டோர்: முதல் பரிசு வெறுங்கால்காரருக்கு, இரண்டாவது முட்டிப்பட்டைக்காரருக்கு. கண்டக்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைப் படிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் மகன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான். ஒலிபெருக்கி மூன்றாவது பெயரைச் சொன்னது. அது மேனேஜர் பெயர்.

சீச்சீ விழுந்தடித்துக்கொண்டு முடிவுகள் மேஜைக்கு ஓடினான். அங்கிருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "யாரு மொதல்ல தாண்டினாங்கன்னு பாக்கறதில்லைங்க. அவங்கவங்க சிப் தொடக்கப் பாயை மிதிச்ச நேரத்துலேர்ந்துதான் கணக்கு. இவரு ரொம்ப லேட்டா கெளம்பியிருக்காரு, ஆனா வேகமா ஓடியிருக்காரு." பரிசு வரிசைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவனுக்கு இந்தக் கணக்கு எதற்குத் தெரிந்திருக்கப் போகிறது! கழிப்பறை வரிசையில் நின்ற நேரத்தையெல்லாம் சிப் மேனேஜருக்குத் தானமாகக் கொடுத்திருந்தது.

திரும்பி வந்தபோது மேனேஜர் மூன்றாவது படியில் நின்றிருந்தார். முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு கேமராவைப் பார்த்ததும் பல் தெரிந்தது. கண்டக்டர் கீழே நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். மகன் செல்போனைப் பையில் போட்டுவிட்டான்.

"இந்த ஆளு எந்த ஸ்டாப்புல ஏறினான் தம்பி?" என்றார் கண்டக்டர். கோபமில்லை, குழப்பம்தான். "கடைசிவரைக்கும் எண்ணினேனே. இப்படி ஒரு தலையே ரோட்டுல இல்ல. என் கண்ணு போச்சா? நீ பாத்தியா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பகல் ஷிஃப்ட் கையில். கண்டக்டர் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

"உங்க கண்ணு சரியாத்தான் இருக்குண்ணே" என்றான் சீச்சீ. "அவரு என் கால்ல ஏறினாரு." இரண்டு காலுறைகளையும் கீழே இறக்கினான். இரண்டு கணுக்காலிலும் வார் அழுத்திய சிவந்த தடம். பகல் ஷிஃப்டையும் சொன்னான், கடைசியில் காலைப் பிடித்துக்கொண்டு நடித்ததையும் சொன்னான்.

கண்டக்டர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு "ச்சீ" வரும் என்று சீச்சீ காத்திருந்தான், வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். அவர் கையை நீட்டி, அவன் கழுத்தில் கிடந்த தன் துண்டை உருவிக்கொண்டார். அதைத் தன் கழுத்தில் போடவில்லை. விரல் நுனியில் தொங்கவிட்டபடி, மகனைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்தார்.

சீச்சீ மறுபடியும் மேஜைக்குப் போனான். அந்தப் பெண் இந்த முறை கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் இரண்டு கணுக்காலையும் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மேனேஜரின் மடிப்புக் கலையாத பனியனையும் பார்த்தார். "ரெண்டு பேரு ரிசல்ட்டும் கேன்சல். நாலாவது வந்தவரக் கூட்டிட்டு வாங்க, மேடை கலையறதுக்குள்ள" என்றார்.

எப்போதும் ஓடாத வேகத்தில் ஓடினான். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன். "அண்ணே! மூணாவது நீங்கதாண்ணே! சொல்லிட்டேன்! வாங்க, மேடை இருக்கு!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் ஓடினான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். மகன் எழப்போனான்.

கண்டக்டர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, பஸ்ஸின் தகரத்தில் தட்டினார். ஒரு தட்டு. சீச்சீ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அடுத்த தட்டும் விழுந்தது.

பஸ் போய்விட்டது. புகை முகத்தில் அடித்தது, துடைக்கத் துண்டில்லை. "ச்சீ" என்றான். சுற்றிலும் யாரும் இல்லை.