தொடாமலே தீர்ந்த செல்கள்

வெடிக்கிற பேட்டரிக்குக்கூட அவ்வளவு பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும்போதே செத்துப்போகிறதே, அதற்குத்தான் பேட்டரிக்காரன் பயப்பட வேண்டும். எழுபதுகளில் கல்கத்தாவில் குடியிருந்து, லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டில் விசிறியும் கையுமாக வெந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே பெஹாலா பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. எமர்ஜென்சி விளக்குகளுக்கு நிக்கல்-காட்மியம் பேட்டரி செய்தோம். சோதித்துப் பார்த்து 'சரி' என்று சீட்டு ஒட்டுவது என் வேலை. அங்கே எல்லோருக்கும் நான் ரமணிதா, அதாவது ரமணி அண்ணன்.

பேசாத செல்

பூஜை விடுமுறைக்கு முன் பன்னிரண்டு செல்களை முழுக்க சார்ஜ் செய்து, ஒயரையெல்லாம் கழற்றி, அலமாரியில் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து மீட்டரை வைத்தால் பதினொன்றில் முள் ஏறியது. ஏழாவதில் அசையவே இல்லை. பூட்டு பூட்டினபடி இருந்தது.

மறுபடி சார்ஜில் போட்டோம். நிரம்ப நிரம்ப செல்லுக்குள் குமிழி கிளம்பும். அறை முழுக்க ஒரு முணுமுணுப்பு கேட்கும். ஏழாவது மட்டும் மூச்சு விடவில்லை. தொட்டால் சுட்டது. ஃபிட்டர் பிமல், சாவி என்னிடம்தானே இருந்தது என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு செல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டு சொன்னான்: "வெளியிலேர்ந்து யாரும் தொடலை, ரமணிதா. உள்ளேயே ஏதோ தொட்டுக்கிட்டிருக்கு."

முளைத்தது

அறுத்துப் பார்த்தோம். செல்லுக்குள் பிளஸ் தகடும் மைனஸ் தகடும் அடுக்கடுக்காக நிற்கும். நடுவே ஒரு நைலான் துணிதான் வேலி. இரண்டும் தொட்டுக்கொண்டால் உள்ளேயே ஷார்ட். சார்ஜ் தானாக வடிந்துவிடும். துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். மைனஸ் தகட்டிலிருந்து சாம்பல் நிறத்தில், மயிரைவிட மெல்லிசாக உலோகம் முளைத்து, துணியைத் துளைத்து அந்தப் பக்கம் போயிருந்தது. நாங்கள் மூடியபோது அது இல்லை.

துணி வெட்டுகிற ஷெஃபாலி அக்கா, எங்களுக்கு ஷெஃபாலிதி, அதை வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதே சுருள்லேர்ந்து வெட்டினது எத்தனை வெளியே போயிருக்கு?"

மூன்று நிமிஷம்

பத்தாம் நாள் விடை வந்தது. ஒரு நர்சிங் ஹோமில், பட்டப்பகலில், ஆபரேஷன் நடக்கும்போது கரண்ட் போயிற்று. ஜன்னலில்லாத அறை. எங்கள் விளக்கு எரிந்தது. மூன்றே நிமிஷத்தில் சிவந்து, மங்கி, அணைந்தது. நர்ஸ் டார்ச் தேடிக் கொண்டுவரும்வரை கும்மிருட்டு. நோயாளி பிழைத்தது அவர் அதிர்ஷ்டம், எங்கள் அதிர்ஷ்டமும்.

அங்கே போய் விளக்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே என் கையெழுத்தோடு 'சரி' சீட்டு. சர்ஜன் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்த இருட்டிலே, அவர் உயிரோட இருக்கார்னு என் விரலுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

பார்க்க வந்தவர்

வெளியே போன பேட்டரிகளைத் திரும்ப வரவழைத்தோம். துணியை இரட்டையாக்கினோம்; ஓரத்தில் முளைக்கு வழி கிடைக்காதபடி தகட்டின் அடியிலும் மடித்துச் சுற்றினோம். எந்தச் செல்லையும் இரண்டு வாரம் சும்மா போட்டு அளக்காமல் சீட்டு ஒட்டமாட்டேன் என்றேன். முதலாளி கத்தினார், சீட்டு ஒட்ட வேறு ஆளில்லாததால் அடங்கினார்.

ஒரு மத்தியானம் டிராம் கண்டக்டர் ஒருவர் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தார். அந்த நோயாளிதான். விளக்கு செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் போலிருந்ததாம். நடந்ததை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்து நானும் உபசரித்தேன். அவர் அலமாரியில் வரிசையாகக் கிடந்த செல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, கோபமில்லாமல், யாருக்கோ வழி சொல்கிற மாதிரிச் சொன்னார்: "மயக்கம் குடுத்திருந்தாங்க, அண்ணா. ஆனா லைட் அணைஞ்சது எனக்குத் தெரியும்."

பிளஸ், மைனஸ் என்று ஒட்டி நிற்கிற இரண்டு பேரை ஒருவர்மேல் ஒருவர் படாமல் காப்பதுதான் பத்து வருஷமாக நான் பார்த்த உத்தியோகம். தினமும் பெஹாலா பஸ் நெரிசலில் நசுங்கித் தொங்கிக்கொண்டு போனவனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வேலை கிடைத்திருக்காது.