விளக்கேற்றச் சொன்ன கணினி

உரசாத ஒரு தீக்குச்சியும் அதைப் பிடித்திருந்த பாவாவின் விரல்களும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. பாவா என் அக்காவின் கணவர். திருத்தணியில், மலையடிவாரத்துக் கடையில், தமிழிலும் தெலுங்கிலும் கல்யாணப் பத்திரிகைகள் அடித்துக்கொடுப்பார். காலையில் வந்ததும் கணினியைத் தட்டிவிடுவார். முருகன் படத்துக்கு விளக்கேற்ற மறந்துபோவார். அக்காவுக்கு அது பொறுக்காது. மைக் வாங்கிய புதிதில், கணினி திறக்கும்போது வரும் ஒலிக்குப் பதிலாகத் தன் குரலையே பதிந்து வைத்துவிட்டாள்: "பாவா, மொதல்ல வெளக்க ஏத்துங்க. வேல எங்கயும் ஓடிப் போவாது." அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள், அவளுக்கும் அவர் பாவாதான். உடனே அவர், "ஆங், ஏத்திட்டேன், ஏத்திட்டேன்" என்று கணினிக்குப் பொய் சொல்லிவிட்டுத்தான் குச்சியை உரசுவார். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில், நான்கே நாள் காய்ச்சலில், அக்கா போய்விட்டாள். குரல் மட்டும் தினமும் காலையில் வந்தது. பாவாவும் பதில் சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்போது அரக்கோணத்தில் வேலை பார்த்துக்கொண்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மேல் பைத்தியம் பிடித்துத் திரிந்தவன். கண்ணில் பட்ட கணினியிலிருந்தெல்லாம் விண்டோஸைக் கழற்றாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வைரஸ் புகுந்து பாவாவின் கணினி படுத்துப் படுத்து எழுந்தபோது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாம் என்று நான்தான் நச்சரித்தேன்.

"எல்லாத்தையும் எடுத்து வச்சிகினியா மச்சான்?" இரண்டு முறை கேட்டார்.

"ஆங், எல்லாம் எடுத்தாச்சி பாவா."

பத்திரிகைகள், எழுத்துருக்கள், அக்காவின் புகைப்படங்கள் எல்லாம் சி.டி.யில் ஏறியிருந்தன. குரலை விட்டுவிட்டேன். அது விண்டோஸுக்குள் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது. கேட்டுக் கேட்டு, உள்ளே சுற்றும் விசிறியின் இரைச்சலைப் போல அதுவும் கணினியின் சத்தம் என்றே எனக்கு ஆகிப்போயிருந்தது. கூடப் பிறந்தவளின் குரல்!

லினக்ஸ் போட்ட மறுநாள் காலை பாவா பொத்தானைத் தட்டிவிட்டு, குச்சியைத் தீப்பெட்டியோரம் வைத்தபடி நின்றார். மேளம் தட்டியதுபோல ஏதோ ஒரு சத்தம் வந்தது. திரையும் வந்தது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாவா..." என்றேன்.

"உடு மச்சான். வேகமாத்தான் வருது."

அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கணினியின் வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு சென்னை முழுக்க அலைந்தேன். பழையதன் மேலேயே புதியதை எழுதிவிட்டதால் ஒன்றும் தேறாது என்று கைவிரித்தார்கள்.

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். இப்போது இருப்பது வேறு கணினி, சத்தமில்லாமல் திறக்கிறது. நான் வாசலில் நிற்பதை பாவா கவனிக்கவில்லை. பொத்தானைத் தட்டிவிட்டு, கையில் குச்சியோடு நின்றார். திரை வெளிச்சமானது. அக்கா அந்த இரண்டு வரிகளைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு, "ஆங், ஏத்திட்டேன், ஏத்திட்டேன்" என்று சொல்லிக் குச்சியை உரசினார்.