போகாத கரகரப்பு

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மார்லென் கதை கட்டுகிற ஆள் இல்லை. பிஷ்கெக் நகரத்தில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், சிந்தசைசர் எல்லாம் பழுது பார்க்கிறவர். வோட்காவைத் தொட மாட்டார். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "முதல்ல வயரிங்கைப் பாரு" என்று வாயை அடைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது. பட்டப்பகலில், அவருடைய கடைக்குள்ளேயே.

ஜனவரி மாதம். ஐசிரெக்கும் அவள் தம்பி குபாத்தும் ஒரு சிந்தசைசரைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். சோவியத் காலத்துச் சாமான். கருப்பு நிறம், பிணம் மாதிரி கனம். கல்யாண வீடுகளில் அக்கா பாடுவாள், தம்பி வாசிப்பான். சனிக்கிழமை காந்த் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் குமிழைத் திருப்பினாலும் கரகரங்குது அண்ணே," என்றான் குபாத். "போன வாரம் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எந்திரிச்சு, யாருப்பா அங்க இருமுறதுன்னு கேட்டுட்டாரு."

"அது நீயும் கூடச் சேர்ந்து பாடினப்போ கேட்டது," என்றாள் ஐசிரெக்.

மார்லென் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தார். "உள்ள தூசிதான். கழுவிவிட்டா போயிரும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

குபாத்தின் இரண்டு கையிலும் கம்பளி. வாசலில் நின்று அக்காவைப் பார்த்தான்.

"எஜே, அச்."

அக்கா, திற என்று அர்த்தம். அவள் கதவைத் திறந்துவிட்டு, போகிற போக்கில் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் பனியில் இறங்கி நடந்தார்கள். மார்லென் அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் மதியம் கடையில் வேறு யாரும் இல்லை. மார்லென் மூடியைக் கழற்றினார். குமிழ்களைப் பிடுங்கி வரிசையாக வைத்தார். ஒவ்வொரு கன்ட்ரோலுக்குள்ளும் கிளீனரை அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருகினார். நாற்பது வருட அழுக்கு கறுப்பாக வழிந்தது. துணியால் துடைத்து, ஸ்பீக்கரில் மாட்டிச் சோதித்தார். எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கின. சத்தமே இல்லை.

ஒன்று மட்டும் வழிக்கு வரவில்லை. வால்யூம் கன்ட்ரோல்.

திருப்பினால் கரகரத்தது. மறுபடி கழுவினார். மறுபடி கரகரத்தது. சலித்துப்போய்க் கையை எடுத்தார்.

கரக்... கரக்... கரக்...

கையை எடுத்த பிறகும் கேட்டது.

திருப்பினால்தான் கன்ட்ரோல் கரகரக்கும். சும்மா இருக்கும்போது இப்படி விட்டு விட்டுச் சுரண்டாது. மார்லென் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். குறையவில்லை. சுவிட்சை அணைத்தார். நிற்கவில்லை. சிந்தசைசரின் பிளக்கையே பிடுங்கினார்.

கரக்... கரக்...

ஸ்பீக்கருக்குப் போகும் வயரை உருவினார். அமைதி. மாட்டினார்... மறுபடி அதே சத்தம்.

கன்ட்ரோலைக் கழற்றி அதன் தகர உறையைப் பிரித்தார். உள்ளே வளைவாக ஒரு கரிப்பட்டை இருக்கும். திருப்பித் திருப்பி அதில் நீளவாக்கில் தேய்மானம் விழும். இதில் கீறல்கள் குறுக்கே விழுந்திருந்தன. நான்கு கீறல்கள், பக்கத்தில் பக்கத்தில். புதுசு.

வேறு கன்ட்ரோல் எடுத்து வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். கரண்ட் கொடுக்கவில்லை. ஸ்பீக்கர் வயரை மட்டும் செருகினார்.

கரக்... கரக்...

அதற்கு அடியில் ஒரு மூச்சு. இழுத்து இழுத்து.

"...அச்..."

மார்லென் மேஜையைப் பார்த்தார். மூடி, குமிழ், பலகை, எல்லாமே திறந்து கிடந்தன. திறக்க இன்னும் என்ன இருக்கிறது...

"எஜே... அச்..."

போனை எடுத்து குபாத்துக்கு அடித்தார். காதில் மணி போனது.

ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை. ஐசிரெக்கைக் கூப்பிட்டார். அவள் தோர்தோய் சந்தையில் இருந்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"குபாத் எங்கம்மா?"

"வீட்லதான் இருப்பான். நான் ராத்திரி சித்தி வீட்ல தங்கிட்டேன். ஏண்ணே?"

"வீட்ல குளிருக்குக் கரி அடுப்பா?"

"ஆமா. ஜன்னலைக்கூட அடைச்சுத்தான் வெச்சிருக்கோம், குளிர் தாங்கல."

"பக்கத்துல யாரையாவது போய்க் கதவை உடைக்கச் சொல்லு. இப்பவே."

"விளையாடாதீங்கண்ணே."

"ஐசிரெக். இப்பவே."

அவர் குரலில் எதையோ கேட்டிருக்கிறாள். போனை வைத்துவிட்டாள்.

அவர்கள் வீடு எங்கே என்று மார்லெனுக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே எங்கோ ஒரு புதுக் குடியிருப்பு, அவ்வளவுதான். வயரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் அவன் தனியாகிவிடுவான் என்று தோன்றியது. ஸ்பீக்கருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"வந்துட்டிருக்காங்க தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஸ்பீக்கரில் பேசினால் யாருக்குக் கேட்கும்... அவருக்குத் தெரியாததா. ஆனாலும் பேசினார்.

கரக்...

"வந்துட்டாங்க தம்பி."

கரக்...

இடைவெளி கூடியது.

...கரக்.

டம்.

டம்.

மரம் பிளக்கும் சத்தம்.

பிறகு ஒன்றுமே இல்லை. கடிகாரத்தில் மணி மூன்று பத்து. "உடைச்சுட்டாங்க," என்று வாய்விட்டுச் சொன்னார் மார்லென். பையன் பிழைத்துவிட்டான் என்றுதான் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் ஐசிரெக்கிடமிருந்து போன் வந்தது. அழுகை மட்டும் கேட்டது.

கரிப்புகை. பின்னிரவிலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். கண்டெடுத்தபோது உடம்பு விறைத்துப் போயிருந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறான், கழுத்துவரை போர்வை, கலையவே இல்லை. படுக்கையை விட்டு எழுந்ததற்கு அடையாளம் இல்லை.

மார்லென் அதைப் பிடித்துக்கொண்டார். நான் தாமதிக்கவில்லை, கூப்பிட்டபோதே எல்லாம் முடிந்திருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஸ்பீக்கரில் கேட்டதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. எப்படித் தெரிந்தது என்று ஐசிரெக் கேட்டதற்கு, போன் எடுக்கவில்லை, பயமாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அடக்கத்தன்று மார்லென் போனபோது, குபாத் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே, அன்று கதவை உடைத்த பக்கத்து வீட்டு லூபா நின்றிருந்தாள். பேக்கரியில் வேலை, கட்டையான உடம்பு. மார்லெனை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. தேநீர்க் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோலத் தணிந்த குரலில் பேசினாள்.

"பின்னிரவுலயே செத்துட்டான்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பலைங்க. உள்ள யாரோ கதவைச் சுரண்டுற சத்தம் கேட்டுச்சு. நான்தான் வெளிய நின்னு கத்தினேன், தள்ளி நில்லு குபாத், கோடாலி போடப்போறேன்னு."

"அப்புறம்?"

"தள்ளி நின்னான். காலைத் தேய்ச்சுக்கிட்டு ரெண்டு அடி பின்னால போனான். நான் கேட்டேங்க."