சீனச் சக்கரவர்த்திக்குக் கருமாதி ஆச்சா?

சீனாவுக்குப் போகிறேன், ஒரு பழைய சக்கரவர்த்தியின் சமாதிக்குக் காவல் நிற்கும் ஆயிரக்கணக்கான மண் வீரர்களைப் பார்த்து எழுதுகிறேன் என்று போன மாதம் உங்களிடம் பீற்றிக்கொண்டேன் அல்லவா?

போனேன். துணைக்கு, திண்டிவனத்தில் இருக்கும் என் அக்காவின் வீட்டுக்காரர்.

கேட் வரைக்கும் மாமா உற்சாகமாகத்தான் வந்தார். கைடு சொன்னதை 'சமாதி' என்று நான் தமிழில் சொன்னதும் பிரேக் போட்டார்.

“பொம்மை மியூசியம்னுதானே சொன்னீங்க மாப்ள? பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிக்கினு சாவு எடத்துக்குப் போவாங்களா?”

“மாமா, அவர் செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு!”

“எதுக்கும் உங்கக்காவ ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

வீடியோ காலில் அக்கா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள்.

“கருமாதி ஆயிடுச்சான்னு கேளுடா. காரியம் முடிஞ்சிருந்தா தீட்டு கெடையாது. ஜல்தி கேளு, எனக்கு வேலை கெடக்குது.”

கருமாதியை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது? பதினாறாம் நாள், படையல், பங்காளி, மொட்டை... நடித்தே காட்டினேன். கைடு பெண் கெட்டிக்காரி. எல்லாச் சடங்கும் அமோகமாக நடந்தது என்றாள். அக்கா தலையாட்டிவிட்டாள். அப்பாடா!

அதோடு போனை வைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கைடு அடுத்துச் சொன்னதையும் ஆர்வக்கோளாறில் மொழிபெயர்த்துத் தொலைத்தேன் — பிள்ளை பெறாத அவருடைய மனைவிகளையும் கூடவே புதைத்துவிட்டார்களாம்.

“அடப்பாவி! அந்தப் பொம்பளைங்களுக்கு யாருடா கருமாதி பண்ணா?”

கைடிடம் கேட்டேன். அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றாள்.

“அப்ப உள்ள கால வைக்க வாணாம். அவர வெளியவே நிக்கச் சொல்லு!”

“சரிக்கா. மாமா நிக்கட்டும். நான் மட்டும் ஒரு எட்டு...”

“நீ இன்னா ஊரான் ஊட்டுப் புள்ளையா? பொண்ணுக்குத் தாய்மாமன்டா! மொத மாலை போட வேண்டியவன் நீதான?”

சத்தியமாக எனக்கு அழுகை வந்தது. எங்களோடு வந்த விழுப்புரம் குரூப் டாட்டா காட்டிவிட்டு உள்ளே போனது. மாமாவும் நானும் வெளியே உட்கார்ந்து வேகவைத்த சோளம் தின்றோம். அதைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன், நன்றாக இருந்தது.

ஒன்று மட்டும் புரிந்தது. ஆயிரக்கணக்கான வீரர்கள் காவல் நின்றும் அந்த இடத்தில் தினமும் கூட்டம் முட்டி மோதுகிறது... திண்டிவனத்திலிருந்து ஒருத்தி, போனிலேயே இரண்டு பேரைத் தடுத்துவிட்டாள்!