இசைத்தட்டின் மேல் நடந்த விசாரணை

படிப்பவரே, நீங்கள் எனக்குச் சாட்சியாக நில்லுங்கள். எனக்காக வாதாட மட்டும் முன்வராதீர்கள். அந்த வேலையைப் பதின்மூன்று வயதிலேயே நான் தேவைக்கு மேல் செய்துவிட்டேன்.

ஐம்பதுகளில், ஓசூரில் எங்கள் பள்ளித் தமிழ் மன்றம் வாரந்தோறும் ஏதேனும் ஒரு பொருளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும். காப்பியும் சினிமாவும் முன்பே தண்டனை பெற்றிருந்தன. அந்த வாரம் ஓர் இசைத்தட்டின் முறை. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அத்தை, அங்கிருந்த ஜெர்மன் டாக்டரம்மாவிடம் கெஞ்சி அதை இரவல் கேட்டார். பாட்டின் நிறைகுறையைப் பிள்ளைகள் ஆராயப்போகிறார்கள் என்று மகிழ்ந்து, டாக்டரம்மா கிராமபோனோடு தாமே வந்துவிட்டார். பாட்டாலேயே நடக்கும் நாடகமாகிய ஆப்பரா, போருக்கு முன் அவர் ஊர் அரங்கில் ஜனங்கள் முன்னிலையில் நடந்தபோது பிடித்த பதிவு அது. பாடியவர் அவருடைய தங்கை.

குற்றம் சாட்டும் தரப்பு என்னுடையது. தட்டு ஓடி முடிந்ததும் எழுந்தேன். யாரோ இருமுகிறார்கள், மேடைப் பலகை கிறீச்சிடுகிறது, வாத்தியங்கள் குரலை விழுங்குகின்றன, அந்தக் குரலும் நடுவில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் தேய்ந்துவிடுகிறது என்று அடுக்கினேன். உச்சத்தில் அந்தத் தங்கை பாடியதை நான் கீச்சுக்குரலில் பாடிக் காட்டியபோது, பக்கத்து உத்தனப்பள்ளியிலிருந்து படிக்க வந்த பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

தட்டுக்காகப் பேச எவரும் முன்வரவில்லை. டாக்டரம்மாவே எழுந்தார். நோயாளிகளிடம் பழகிய தமிழ் அவருடையது.

“கொரல் தேயல கண்ணு. அப்போ அவ மேடையில இருக்கற ஜன்னல் பக்கமா நடந்து போறா. அந்த நடை எனக்குக் கேக்குது. அதுக்குத்தான் இதப் போடுவேன்.”

நான் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. “அவையோரே, நாம் பாட்டைக் கேட்க வந்தோமா, நடையைக் கேட்க வந்தோமா?”

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. தட்டு குற்றவாளியே என்று தமிழய்யா தீர்ப்பளித்தார். டாக்டரம்மா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

வீடு திரும்பும் வழியில், கூட்டத்துக்கு வந்திருந்த அத்தை என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“கைதட்டு வாங்கிட்டியில்ல, வெச்சிக்கோ. அந்தத் தங்கச்சி சண்டையில குண்டு விழுந்து செத்துப்போச்சுடா. பொதைக்க ஒடம்புகூடக் கெடைக்கல.”

மறுநாள் காலையில் தனியாக டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். கிராமபோன் மூடப்பட்டு, அதன்மேல் மருந்துப் பெட்டிகள் ஏறியிருந்தன. அவர் கோபிக்கவில்லை.

“நல்லாத்தான் பேசின. வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன். அவ பாடற எடத்துல நீ பாடிக் காட்டினதுதான் கேக்குது. இனிமே போட மாட்டேன்.”

அவரிடம் மிஞ்சியிருந்த தங்கையையும் நான் பறித்துவிட்டேன். இதைச் சொல்ல இன்று என்னிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன, ஒன்றும் உதவாது. அன்று நானோ, வழக்கில் தோற்றதற்காகவே அவர் வருந்துகிறார் என்று எண்ணினேன். நிமிர்ந்து நின்று, மேடைக் குரலில், தெருவுக்கே கேட்கும்படி வாக்களித்தேன்:

“கலங்காதீர்கள் அம்மா. அடுத்த வாரம் மேல்முறையீடு செய்வோம். உங்கள் தரப்பில் நானே பேசுகிறேன், வெற்றி நமதே.”