வேரோடு பிடுங்கிய காளான்

மொக்கம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் தன் கையைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல விடமாட்டாள். ராசிங்காபுரத்தில் பிறந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் கல்யாணமாகி, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தவள். வந்த இரண்டாம் வருஷமே, காட்டில் எந்தப் புற்று எப்போது காளான் விடும் என்பது அவளுக்கு அத்துப்படி.

சித்திரையில் இடி இடித்து மழை கொட்டிய மறுநாள், விடிந்ததும் கூடையோடு ஏறிவிடுவாள். கறையான் புற்றடியில் விரிந்த காளானை மட்டும்தான் எடுப்பாள். அரிவாளால் அறுக்கவே மாட்டாள். விரலை மண்ணுக்குள் விட்டு, சாண் நீள வேர் அறுந்துவிடாமல் உருவுவாள். மண்ணைக்கூடக் கழுவாமல், ஏலச்செடி இலையில் பொதிந்து வீடு வீடாகக் கொடுப்பாள். "வேரைப் பாத்து வாங்கிக்கங்க. வேரில்லாதது என் காளான் இல்ல" என்பாள். அவளுக்கு வேண்டியது பாராட்டு மட்டும்தான். அது குறைந்தால் முகம் சுண்டிப்போகும்.

எழுபத்தொன்பது சித்திரையில் அந்தப் பெருமைக்கே வேட்டு விழுந்தது. பக்கத்து வீட்டுச் சந்திரவல்லி வைத்த காளான் குழம்பைச் சாப்பிட்ட ஆறு பேர் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டார்கள். அரிசி லோடு ஏற்றி வந்த ஜீப்பைக் காலி பண்ணி, அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். மூன்றாம் நாள் எல்லாரும் பிழைத்துத் திரும்பினார்கள். பிழைக்காதது மொக்கம்மாளின் பேர்தான்.

"இனிமே ஒருத்தரும் காட்டுல காளான் புடுங்கக் கூடாது. ஒன்னால ஆறு உசுரு போகப் பாத்துச்சு" என்றார் கங்காணி சீனிச்சாமி.

"அண்ணே, அதே காளானத்தான அன்னைக்கு ஒங்க வீட்லயும் தின்னீக?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

சந்திரவல்லியைக் கேட்டாள். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "நீ குடுத்ததத்தான்க்கா வச்சேன்" என்றாள். அப்புறம் யார் நம்புவார்கள்? களையெடுக்கும் இடத்தில் பெண்கள் தள்ளி நின்றார்கள். அவள் மொண்டு கொடுத்த தண்ணீரை, கூடக் களையெடுத்த ஆயம்மாள் குடிக்காமல் கீழே ஊற்றினாள். மொக்கம்மாளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

பதினைந்து நாள் கழித்து மறுபடி இடித்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சோலி கிடையாது. கங்காணி பார்க்கப் பார்க்கவே காட்டுக்குள் போய், கூடை நிறையக் கொண்டுவந்தாள். லயத்துக்கு முன்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள். காளானையெல்லாம் வேரோடு சாக்கில் பரப்பிக் காட்டினாள். மண்ணைச் சுரண்டி, கையாலேயே கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டாள். வாசத்துக்குக் கதவெல்லாம் திறந்தன. ஒருவரும் படி தாண்டவில்லை.

தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நல்லாப் பாத்துக்கங்க. நான் செத்தா இந்தக் கூடையவும் கூடவே வச்சுப் பொதைச்சிருங்க." ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டும் தின்றாள். பொழுது சாய்ந்தது. அவளுக்கு ஏப்பம்தான் வந்தது.

சந்திரவல்லி தட்டோடு வந்து நின்றாள். "எனக்கும் ஊத்துக்கா."

"ஏன், பட்டது பத்தாதா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "அன்னைக்குப் பொட்டிபுரத்துல இருந்து நாத்தனா வீட்ல நாலு பேரு சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாக. நீ குடுத்தது எங்க ரெண்டு பேருக்குத்தான் காணும். விருந்தாளிக்குக் கொறைச்சு ஊத்துனா மானம் போயிருமேன்னு, எருக்குழியில மொளைச்சதையும் புடுங்கிப் போட்டேன். அதுல வேரே இல்லக்கா. வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு."

மொக்கம்மாள் கரண்டியை ஓங்கினாள். அடிதான் விழப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"இத இன்னொருக்காச் சொல்லு. கங்காணிக்குக் கேக்கணும்."

சந்திரவல்லி லயமே அதிரச் சொன்னாள். மொக்கம்மாள் முதல் கரண்டியை அவள் தட்டிலேயே ஊற்றினாள். பிறகு ஆயம்மாள் வந்தாள். அவள் பின்னால் லயமே திரண்டு வந்தது. எல்லாருக்கும் கடைசியில் சீனிச்சாமி தட்டோடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்த மழைக்கு எங்க வீட்டுக்கும் ஒரு பொதி குடுத்துவிடு, தாயி."

அத்தனை பேர் முன்னால் கங்காணியே வாய்விட்டுக் கேட்டுவிட்டார். மொக்கம்மாள் சட்டியைச் சரித்து, அவருக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.